எதை வாசிக்கலாம்?



விசுவாசத்துக்கு மாறான நூலொன்றைப் பிள்ளை வாசிக்கிறான், தடுப்பதா, விடுவதா? பெற்றோர் பலர் குருக்களிடம் கேட்கும் கேள்வி இது. கடவுள் இல்லையென்று வாதிக்கும் புத்தகமொன்று மகனின் மேசையிற் கிடந்தால் தாயின் நெஞ்சு பதறத்தான் செய்யும். ஆனால் பதறிய காரியம் சிதறும் என்பார்கள். "அடுப்பிற் போடு" என்று சொல்வது எளிது. "காலம் மாறிவிட்டது, எதையும் வாசிக்கட்டும்" என்று கைகழுவுவதும் எளிது. இரண்டிலும் நாம் சிந்திக்கும் சிரமத்திலிருந்து தப்பிக்கொள்கிறோம்.

திருச்சபையும் ஒருகாலத்தில் தடுக்கும் வழியையே கைக்கொண்டது. 1559ஆம் ஆண்டில், பாப்பரசர் நான்காம் சின்னப்பரின் காலத்தில், விலக்கப்பட்ட நூல்களின் அட்டவணை உரோமையில் வெளியாயிற்று. ஆன்மாக்களைக் காக்க வேண்டுமென்ற அக்கறையே அதன் நோக்கம். எனினும் அக்கறையும் வழி தவறுவதுண்டு. பூமி சூரியனைச் சுற்றுகிறது என்பதற்கு ஆதரவாகக் கலிலேயோ எழுதிய நூல் 1633இல் விலக்கப்பட்டது. 1835ஆம் ஆண்டின் அட்டவணையிலேதான் அதன் பெயர் இல்லாமற் போயிற்று. இடையிற் கழிந்தவை இருநூறு ஆண்டுகள்.

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், விசுவாசிகள் யாவரும் வேதாகமத்தை அடிக்கடி வாசிக்க வேண்டுமென வற்புறுத்தியது. மறு ஆண்டில், ஆறாம் சின்னப்பரின் காலத்தில், அந்த அட்டவணை சட்டவலிமையை இழந்தது. ஆனால் சட்டம் நீங்கியபோது கடமை நீங்கவில்லை. விசுவாசத்துக்கும் நல்லொழுக்கத்துக்கும் ஊறு செய்யும் நூல்களைக் குறித்து விழிப்பாயிருக்கும் பொறுப்பு, ஒவ்வொருவரின் மனச்சாட்சியிடமும் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை உரோமை சுமந்த பாரத்தை இப்போது வீட்டில் நாம் சுமக்கிறோம்.

இதைச் சுமப்பது எப்படி? முதலாவதாக, அஞ்சாதிருப்போம். புனித தோமஸ் அக்குவினாஸ் தமது இறையியற் பெருநூலில், கடவுள் உண்டோ என்ற வினாவை எடுத்தவுடன், இல்லையென்போரின் வாதங்களையே முதலில் எழுதிவைத்தார். உலகில் தீமை இருக்கிறதே என்பது ஒன்று. இயற்கையைக் கொண்டே யாவற்றையும் விளக்கிவிடலாமே என்பது மற்றொன்று. இன்றைய நாத்திகரும் பெரும்பாலும் இவற்றையே சொல்கின்றனர். கிறிஸ்துவுக்கு முன் வாழ்ந்த அரிஸ்டோட்டில், இஸ்லாமியரான அவிசென்னா, யூதரான மைமோனிதஸ் ஆகியோரையும் அவர் மதிப்போடு கற்றார். எதிராளியின் சொல்லை முழுமையாகக் கேட்ட பின்பே மறுமொழி சொல்வது அவருடைய நேர்மை.

மேலும், நூலை எரிப்பதென்றால் என்னவென்று நமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு யூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பராயின. அதைக் கண்ட அதிர்ச்சியிலே பன்மொழி அறிஞரான தாவீது அடிகள் உயிர்நீத்தார்.

அப்படியானால் எதையும் வாசிக்கலாமா? இரண்டாவது காரியம் இங்கேதான் வருகிறது. 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் காலொடிந்த புனித இஞ்ஞாசியார், படுக்கையிற் பொழுதுபோக்க வீரசாகசக் கதைகளைக் கேட்டார். அவை வீட்டில் இல்லை. கிறிஸ்துநாதரின் வரலாறும் புனிதர்களின் வரலாறுமே கிடைத்தன. வாசித்துக்கொண்டு கிடந்தவர் தம் உள்ளத்தைக் கவனித்தார். வீரப்புகழைப் பற்றிய கனவுகள் எண்ணும்போது இனித்தன. பிறகு மனம் வறண்டது. புனிதர்களைப்போல் வாழும் எண்ணமோ, எண்ணி முடித்த பின்பும் மகிழ்ச்சியாய் உள்ளே தங்கியது.

இந்தச் சோதனையைத் தவறாக விளங்கிக்கொள்ளக் கூடாது. மனத்தைக் கலக்கும் நூலெல்லாம் கெட்ட நூல் அல்ல. ஏழையின் துன்பத்தைக் காட்டி, "உங்கள் கடவுள் எங்கே?" என்று கேட்கும் நாத்திகன், நம்மை அந்த ஏழையின் வாசலுக்கு அனுப்பிவிடலாம். பக்தி நூலொன்று, "நான் மற்றவர்களைப்போல் அல்ல" என்ற கர்வத்தோடு நம்மை நாற்காலியிலேயே இருத்திவிடலாம்.

இன்று நமது வாசிப்பிற் பெரும்பகுதி கைத்தொலைபேசியில். அயல் இனத்தவரையும் அயல் மதத்தவரையும் இழிவுபடுத்தும் செய்தி வருகிறது. மெய்யோ பொய்யோ என்று பாராமல், செபமாலை சொல்லி முடித்த கையோடு பத்துப் பேருக்கு அனுப்புகிறோம். 2019ஆம் ஆண்டு உயிர்ப்பு ஞாயிறன்று நம்மவர் ஆலயங்களில் இரத்தஞ் சிந்தினார்கள். அடுத்த மாதமே வடமேல் மாகாணத்தில், அக்குற்றத்தில் எந்தப் பங்குமில்லாத முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் தாக்கப்பட்டன. சமூக ஊடகங்களை அரசு முடக்க நேர்ந்தது. மகனின் மேசையிலுள்ள நூலுக்காகப் பதறும் நாம், நம் கையிலுள்ளதற்காக ஒருமுறையாவது பதறியதுண்டா?

பெற்றோரே, பிள்ளை வாசிக்கும் நூலை நீங்களும் வாசியுங்கள். இராச் சாப்பாட்டின்பின் அதைப்பற்றி அவனோடு பேசுங்கள். விடை தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்வதில் வெட்கமில்லை. இருவருமாகத் தேடலாம், பங்குக்குருவிடமும் கேட்கலாம். ஒளித்து வாசிக்கும் பிள்ளை தனித்துவிடுகிறான். பெற்றோரோடு பேசி வாசிப்பவனுக்கு வழித்துணை உண்டு.

எதை வாசித்தாலும், மூடிவைத்த பின் சற்றுநேரம் மௌனமாயிருந்து உங்கள் உள்ளத்தைக் கேளுங்கள்: அயலவன்மீது எனக்கு அன்பு கூடியதா, குறைந்ததா? உண்மையைத் தேடும் ஆவல் வளர்ந்ததா, மங்கியதா? இந்தப் பத்திரிகையையும் அப்படியே சோதித்துப் பாருங்கள்.