வலிதணிப்பும் இரட்டை விளைவும்

சாகக் கிடப்பவரின் வலியைத் தணிக்கும் மருந்து அவர் ஆயுளைக் குறைக்குமானால், அதைக் கொடுப்பது பாவமா? வேறு வழியில்லாதபோது, வலி தணிப்பதே நோக்கமானால், கொடுக்கலாம் என்று 1957இல் மயக்கவியல் மருத்துவர்களிடம் போப் பன்னிரண்டாம் பயஸ் கூறினார். நோக்கிய நன்மையும் நோக்காத தீமையும் ஒரே செயலில் விளைவதே இரட்டை விளைவு.

அந்த நோக்கத்துக்கு அளவே சாட்சி. மார்ஃபினை வலிக்கேற்பச் சிறிது சிறிதாகக் கூட்டினால் மூச்சு அடங்குவது அரிது. சிறுநீரகம் பழுதானவருக்கு அதன் சிதைபொருள்கள் உடலில் தேங்கும் என்பதால் கூடுதல் கவனம் வேண்டும். மற்ற வலிதணிப்பு மருந்துகளில், ஃபென்டனில் மார்ஃபினைவிட 50 முதல் 100 மடங்கு வீரியமுள்ளது. சிறு பிசகும் உயிரைக் குடிக்கும். கோடீன் கல்லீரலில் மார்ஃபினாகிறது, சிலரிடம் ஆபத்தான வேகத்தில். பியூப்ரநார்ஃபின் மூச்சை அடக்குவது, மதுவோ தூக்க மாத்திரையோ சேராதவரை, பெரும்பாலும் ஓர் எல்லையோடு நின்றுவிடும்.

எந்த மருந்து, எவ்வளவு என்று அறிந்து கொடுப்பவருக்குப் பாவமில்லை. அச்சத்தால் வலியோடு விட்டுவிடுவதே அநீதி.