முகத்துக்குப் பதில் மரம்

உருவம் கடந்த ஒருவரை எப்படி வரைவது? ஓவியம் சொல்லித்தரும் எனக்கு இந்தக் கேள்வி எழும்போதெல்லாம் பர்ஹுத் சிற்பிகள்தான் நினைவுக்கு வருவார்கள்.

மத்தியப் பிரதேசத்தில் சத்னாவுக்கு அருகே கி.மு. 2ஆம் நூற்றாண்டில் எழுந்த பௌத்தத் தூபி பர்ஹுத். 1873இல் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் கண்டறிந்த அதன் செம்மணற்கல் வேலி, பெரும்பாலும் கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் புத்தரின் உருவம் எங்குமே கிடையாது. வெற்றாசனம், அதன்மேல் கிளை விரித்த மரம், தொங்கும் மாலைகள், கும்பிடுகிறவர்கள்.

நிர்வாணம் அடைந்தவரை உருவில் அடக்க முடியாது, அதனால் மரம் குறியீடாயிற்று என்பது பழைய விளக்கம். அவை மரத்தையே வழிபடும் காட்சிகளாக இருக்கலாம் என்று கலை வரலாற்றாளர் சூசன் ஹண்டிங்டன் மறுத்தார். அறிஞர்களின் வாதம் இருக்கட்டும். நான் உளி போன வழியைப் பார்க்கிறேன். அங்கே இருப்பது ஒரே மரமல்ல. கௌதமருக்கு முன்பிருந்ததாகச் சொல்லப்படும் புத்தர்களுக்கும் தனித்தனி மரம் உண்டு. விபஸ்ஸி புத்தருக்குப் பாதிரி, வெஸ்ஸபுவுக்குச் சால மரம், ககுசந்தருக்கு வாகை, கோணாகமனருக்கு அத்தி, காசியபருக்கு ஆல், கௌதமருக்கு அரசு. பிராமியில் பெயரும் பொறித்திருக்கிறார்கள். வெறும் அடையாளம் போதுமென்றால் ஏதோ ஒரு மரத்தைச் செதுக்கி, கீழே பெயரை எழுதிவிட்டுப் போயிருக்கலாமே! இலைக்கு இலை வேறுபாடு காட்ட, அந்தச் சிற்பி மரத்தடியில் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும். அந்த நிற்றலையே நான் வழிபாடு என்கிறேன். ஆறு பேர் அடைந்த ஞானமும் ஒன்றே. அவர்களைப் பிரித்துச் சொல்வது அவரவர் அமர்ந்த நிழல்.

காளிங்கபோதி ஜாதகக் கதையிலும் இதுபோன்ற கேள்வி வருகிறது. புத்தர் வெளியூர் போயிருக்கும்போது அவர் தங்கும் ஜேதவனத்துக்குப் பூவோடு வருகிறவர்கள் எதை வணங்குவது என்று சீடர் ஆனந்தர் கேட்கிறார். உடலின் எச்சம் மறைவுக்குப் பின்னரே கிடைக்கும், அவரைக் குறிக்கும் சின்னமோ மனக்கற்பனை, புத்தர்கள் அமர்ந்த போதிமரமோ அவர்கள் வாழும்போதும் மறைந்த பின்னும் வணங்கத் தக்கது என்கிறார் புத்தர். ஆனந்தர் அங்கே ஓர் அரசமர விதையை நடச் செய்கிறார்.

பிறகு மதுராவில் புத்தருக்கு முகம் வந்தது. புகழ்பெற்ற கட்ரா சிற்பத்தில் அரசமரம் ஒளிவட்டத்தின் பின்னால் சில கிளைகளாக ஒதுங்கிவிடுகிறது. அந்த முகத்தின் புன்னகை அழகுதான். ஆனாலும் அதை வெறும் வளர்ச்சி என்று என்னால் ஏற்க முடியவில்லை. முகம் வந்துவிட்டால் கண் அங்கேயே தங்கிவிடுகிறது. அதன்பின் இலையைப் பார்க்கச் சிற்பிக்கும் கட்டாயமில்லை, கும்பிட வந்தவருக்கும் இல்லை.