மீன்களாகக் கிடந்த ஆறு பிள்ளைகள்

ஓம் சரவணபவ!


பராசர முனிவரின் பிள்ளைகள் ஆறு பேரும் சரவணப் பொய்கையில் மீன்களைப் பிடித்து வதைத்து விளையாடினார்கள். அந்தப் பொய்கையிலேயே மீன்களாகக் கிடக்கும்படி தகப்பன் சாபம் கொடுத்தார். பிறகு அன்னை பார்வதி குழந்தை முருகனுக்கு ஊட்டும்போது சிந்திய பால் பொய்கையில் கலந்தது. அதைப் பருகியதும் சாபம் நீங்கியது. எத்தனையோ தடவை கேட்ட கதைதான். அது எனக்கான கதை என்று பிறகுதான் புரிந்தது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 செ.மீ.க்கு மேல் மழை. தாமிரபரணி கரை புரண்டது. எங்க ஊர் ஓடையும் உடைத்து, வயலெல்லாம் மணல் மூடிவிட்டது. தண்ணி வடிந்ததும் ஜேசிபி வைத்து ஓடையை நேராக வெட்டச் சொன்னவர்களில் நானும் ஒருவன். கல்லை அள்ளினோம். வளைவை நிமிர்த்தினோம். கரையில் மிஞ்சிய மரத்தையும் சாய்த்தோம். பார்க்கச் சுத்தமாகத்தான் இருந்தது.

அடுத்த மழையில் தண்ணி வேகம் பிடித்துக் கரையை அறுத்தது. கோடையில் ஒரு கசம்கூட இல்லை. விரால், கெளுத்தி, அயிரை எதையும் காணோம். ஓடைக்கரைப் பெரியவர் கேட்டார்: "ஏல தம்பி, வீட்ட இடிச்சுப்போட்டுட்டு ஆளக் காணோம்னு தேடுதியே?"

அந்தத் தடவை பாதயாத்திரை போய்ச் செந்தூரான் முன்னால் நின்றபோது வாயில் வேண்டுதலே வரவில்லை. அழுகைதான் வந்தது.

திரும்பி வந்து ஊரைக் கூட்டினோம். முறைப்படி அனுமதி வாங்கி, அள்ளிய கல்லை மறுபடி ஓடையில் போட்டோம். கல்லுக்குப் பின்னால் தண்ணி நிதானமாகும். மீன் அங்கே இளைப்பாறும். பழைய வளைவுகளைத் திறந்தோம். வளைவின் வெளிப்பக்கத்தில் தண்ணியே கசம் பறித்துக்கொள்ளும். கோடையில் மீனுக்கு அதுதான் அடைக்கலம். கரையில் மருதும் நாணலும் வைத்தோம்.

போன கார்த்திகையில் நாணல் ஓரமாகச் செக்கச்செவேல் என்று விரால் குஞ்சுக் கூட்டம். அடியில் பெரிய விரால் காவல் நின்றது. கையெடுத்துக் கும்பிட்டேன்.

அடியார்களே, பிழை நடந்த அதே தண்ணிக்குள்தான் அந்தப் பாலும் வந்து சேர்ந்தது. பரிகாரத்துக்கு ஊர் ஊராக அலைய வேண்டாம். எதைக் கெடுத்தோமோ அங்கேயே போய்க் குனிந்து ஒரு கல்லைத் தூக்கி வையுங்கள். உங்க ஊர் ஓடைக்கு ஜேசிபி வரும்முன்னே, அதில் யார் குடியிருக்கிறார்கள் என்று ஒரு தடவை நடந்து பாருங்கள்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!