முதல் நாளின் நிறம்

ஒரு பொருளின் உண்மை அது பிறந்த கணத்தில்தான் இருக்கிறது, பிறகு நேர்வதெல்லாம் சேதம் என்ற நம்பிக்கை நம்மிடம் கேள்வியின்றிப் புழங்குகிறது. இலக்கியத்தில் 'மூலம்' என்ற சொல்லுக்கு நாம் தரும் மரியாதையும் இதிலிருந்து வருவதே. இந்த நம்பிக்கை போய் முட்டும் எல்லையை, இலக்கியத்துக்குச் சம்பந்தமில்லாத ஓர் இடத்தில் பார்க்கிறேன்: அமெரிக்காவில், பழைய கார்களின் என்ஜினுக்குத் தொழிற்சாலையில் அடித்த மாதிரியே மறுபடி பெயிண்ட் அடிப்பவர்களிடம்.

செவர்லே வி-8 என்ஜின்கள் 1950களின் மத்தியிலிருந்து 1976 வரை ஆரஞ்சு நிறத்தில் வந்தன. 1977இல் நீலத்துக்கு மாறின. 1960களின் கார்வெட்டுக்கான சிறிய வி-8 என்ஜின்கள் மிச்சிகன் மாநிலத்து ஃப்ளின்டில் தயாராகி, செயின்ட் லூயிஸ் ஆலையில் காரில் ஏறின. பாகங்களைப் பூட்டிய பிறகே பெயிண்டைப் பீய்ச்சினார்கள். அதனால் கேஸ்கெட்டின் ஓரம், போல்ட் தலைகள், புகை வெளியேறும் மானிஃபோல்டு என்று படத் தேவையில்லாத இடங்களிலும் ஆரஞ்சு பட்டது. மானிஃபோல்டில் பட்டது கார் ஓடத் தொடங்கியதும் சூட்டில் கருகிவிடும். தொழிற்சாலைக்கு அது ஒரு பொருட்டல்ல.

1974இல் தொடங்கிய நேஷனல் கார்வெட் ரெஸ்டோரர்ஸ் சொஸைட்டி கார்களை மதிப்பிடும்போது கேட்பது, அழகாக இருக்கிறதா என்றல்ல. ஆலையைவிட்டு வெளிவந்தபோது இருந்தபடி இருக்கிறதா என்று. ஆலை செய்ததைவிடச் சுத்தமாகச் செய்தால் மதிப்பெண் குறையும். ஆகவே பழைய போட்டோக்களையும் கைபடாமல் பிழைத்த என்ஜின்களையும் ஆராய்ந்து, எங்கே எவ்வளவு ஆரஞ்சு சிதற வேண்டும் என்று தீர்மானித்து, வெகு நிதானமாக அஜாக்கிரதையைத் தயாரிக்கிறார்கள்.

இதைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அவர்கள் பக்கம் ஒரு நியாயம் உண்டு. எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளப்பாக்கி, எந்த ஆலையும் என்றும் செய்திராத ஒரு காரைப் 'பழைய கார்' என்று நிறுத்துவது அவர்கள் செய்வதைவிடப் பெரிய பொய். தன் ரசனையை அடக்கி, அசிங்கமானாலும் நடந்ததை நடந்தபடி ஏற்பது ஒரு விதத்தில் துறவு. விமர்சகர்களில் பலருக்கு அது வாய்ப்பதில்லை.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. வங்கியில் மாதிரிக் கையெழுத்தோடு காசோலைக் கையெழுத்தை ஒப்பிடுவது என் அன்றாட வேலை. ஒரே மனிதன் போடும் இரண்டு கையெழுத்துகள் அச்சாக ஒத்திருப்பதில்லை. ஒன்றின் மேல் ஒன்று அப்படியே பொருந்தினால் அங்கேதான் சந்தேகம் எழ வேண்டும். உண்மையான கையெழுத்தில் இருப்பது ஒரு கையின் ஓட்டம். பிரதியில் இருப்பது கோட்டின் வடிவம் மட்டும். ஃப்ளின்ட் தொழிலாளியின் சிதறலும் அப்படித்தான். அது என்ஜினின் ஒரு குணமல்ல, ஒரு சம்பவம். அடுத்த என்ஜின் வந்துகொண்டிருக்கிறது. அவன் கை நகர்ந்துவிட்டது. இன்று சிதறலைப் பிரதி எடுப்பவனுக்கு அந்த அவசரம் இல்லை. நிறம் பொருந்துகிறது, செயல் பொருந்தவில்லை. நாட்டுப்பாடலின் கரடுமுரடை யாப்பறிந்து யோசித்து எழுதும் கவிஞனுக்கும் இதே கதிதான்.

அப்படியானால் பெயிண்டே அடிக்கக் கூடாதா? 1849இல் ரஸ்கின் கட்டடங்களைப் பற்றி ஏறக்குறைய அப்படித்தான் சொன்னார்: புதுப்பித்தல் பொய், பராமரிப்பு மட்டுமே நேர்மை. ஆனால் வார்ப்பிரும்பு துருப்பிடிக்கும். பெயிண்ட் அதற்கு அலங்காரம் மட்டுமல்ல, தோலும்கூட. இத்தாலியில் செஸாரே பிராந்தி, ஓவியங்களின் விஷயத்தில், எனக்கு ஏற்புடைய ஒரு வழியைக் காட்டினார். அழிந்த பகுதியை மெல்லிய செங்குத்துக் கோடுகளால் நிரப்புவது: தூரத்திலிருந்து ஓவியம் முழுமையாகத் தெரியும், நெருங்கினால் பழுது பார்த்த இடம் தன்னை ஒப்புக்கொள்ளும். ஆக, பிரதி எடுப்பது குற்றமல்ல. பிரதி எடுத்ததன் தடயத்தைத் துடைப்பதுதான் குற்றம். என்ஜினுக்கு அதே ஆரஞ்சை அடிக்கட்டும். எந்த ஆண்டு அடித்தது என்று அடியில் எங்காவது பொறித்தும் வைக்கட்டும்.

இதற்கு மேலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. ஐம்பது ஆண்டு ஓடிய என்ஜினில் ஏன் முதல் நாளை மட்டும் தேர்ந்தெடுக்க வேண்டும்? எண்ணெய்க் கறை, யாரோ மெக்கானிக் மாற்றிய போல்ட், இவையும் அதற்கு நேர்ந்தவைதாமே. தொழிலாளியின் கவனக்குறைவைப் பூஜிக்கிறவர்கள் மெக்கானிக்கின் கவனத்தைச் சுரண்டி எறிகிறார்கள். மானிஃபோல்டின் மேல் அந்த ஆரஞ்சு இருந்த காலம் மிகச் சொற்பம். அன்றைய பெயிண்டையே அடித்தால், காரை ஓட்டியதும் அது மறுபடி கருகும். அதைக் காப்பாற்ற வேண்டுமானால் என்ஜினை வேலை செய்யவிடக் கூடாது. மூலத்தின் மேல் வைக்கும் பக்தி, மூலம் எதற்காகச் செய்யப்பட்டதோ அதையே தடுக்கும் இடம் இது. நம் பழைய நூல்களை நாம் இன்று எப்படி வைத்திருக்கிறோம் என்பதையும் இந்த இடத்தில் நின்று யோசிக்கலாம்.