காலை பத்தரை மணிக் கையெழுத்து

செயின் பறிப்பு, பைக் திருட்டு, அடிதடி என்று யாராவது கைதானால் செய்தியின் கடைசி வரி அநேகமாக இப்படித்தான் இருக்கும்: ‘இவர் மீது ஏற்கெனவே பல காவல் நிலையங்களில் வழக்குகள் உள்ளன.’ படிக்கிற நாம் அதோடு முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஜெயிலுக்குப் போயும் திருந்தவில்லை, வெளியே வந்ததும் பழைய வேலையை ஆரம்பித்துவிட்டான் என்று. அந்த வழக்குகளில் எத்தனை தீர்ப்பாகி முடிந்தவை, எதில் தண்டனை, எதில் விடுதலை என்பது செய்தியில் இருக்காது. நாமும் கேட்பதில்லை.

கேட்டால் கிடைக்கும் விடை கொஞ்சம் சங்கடமானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர் மீதான குற்றம் இன்னும் நிரூபிக்கப்படவில்லை. ஆகவே நம் ஊரில் ஒருவர் மறுபடி உள்ளே போனார் என்றால், மறுபடி ரிமாண்ட் செய்யப்பட்டார் என்றே பெரும்பாலும் பொருள். அவர் மறுபடி குற்றம் செய்தாரா என்பது தனிக் கேள்வி.

அமெரிக்காவில் விடுதலையானவர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து எண்ணியிருக்கிறார்கள். 2005-இல் 30 மாநிலங்களின் சிறைகளிலிருந்து வெளியே வந்தவர்களில் 44 சதவீதம் பேர் முதல் ஆண்டிலேயே மறுபடி கைதானார்கள். ஒன்பது ஆண்டுகளில் அது 83 சதவீதமானது. நம் காப்பகத்தின் ஆண்டறிக்கை சிறையில் இருப்பவர்களை எண்ணுகிறதே தவிர, வெளியே போனவர்களின் பின்னால் போவதில்லை. ஆனால் அந்த அமெரிக்கக் கணக்கிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம்: பாதிக்கு மேற்பட்ட சறுக்கல் முதல் ஆண்டிலேயே நடந்துவிடுகிறது. அப்படியானால் அந்த ஓராண்டில் ஓர் ஆளைச் சுற்றி என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே ஓர் ஆளைக் கற்பனை செய்துகொள்வோம். வயது 23. சென்ட்ரிங் வேலை. செல்போன் பறித்ததாக ஒரு வழக்கு, முதல் தடவையாகப் புழல் சிறை. அம்மா வாரம் ஒருமுறை மனு போட்டுப் பார்த்துவிட்டு வருகிறார். ஒரு வழியாக ஜாமீன் கிடைக்கிறது. கிடைத்த ஜாமீன் கையில் வருவதற்கு இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும். ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவில் இருக்கும். ஜாமீன்தாரர் காட்ட வேண்டிய ஆவணங்களில் ஆதார் எல்லோரிடமும் இருக்கிறது. வீட்டு வரி ரசீதுக்கு, வாடகை வீட்டில் இருக்கும் குடும்பம் எங்கே போகும்? ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் ஆட்கள் உள்ளேயே கிடப்பதைப் பார்த்துத்தான், ஒரு மாதத்துக்குள் பிணை கொடுக்க முடியவில்லை என்றால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றங்கள் தாமாகவே யோசிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சரி, வந்துவிட்டான். அடுத்தது நிபந்தனைக் கையெழுத்து. ‘மறு உத்தரவு வரும்வரை தினமும் காலை 10.30 மணிக்கு காவல் நிலையத்தில் ஆஜராகிக் கையெழுத்திட வேண்டும்.’ உத்தரவில் இது ஒரு வரிதான். சென்ட்ரிங், பெயின்டிங், சித்தாள் வேலைக்கு ஆட்களை மேஸ்திரிகள் காலை ஏழு, எட்டு மணிக்குள் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். பத்தரைக்கு ஸ்டேஷனில் நிற்க வேண்டியவனை எந்த மேஸ்திரி எடுப்பார்? கையெழுத்தும் பத்தரைக்கே முடிந்துவிடாது. ரைட்டர் வர வேண்டும், இன்ஸ்பெக்டர் பந்தோபஸ்துக்குப் போயிருந்தால் நோட்டு எங்கே என்று தேட வேண்டும். பெஞ்சில் உட்கார்ந்திருக்கையில் அரைநாள் கூலி போய்விடும். வழக்கு நடத்த வாங்கிய கடனுக்கு வட்டி மட்டும் அன்றைக்கும் ஓடும். பறிப்பு வழக்கில் வந்தவனுக்கு உடனடித் தேவை உழைத்துச் சம்பாதித்த காசு என்றால், அதைத்தான் முதலில் தடுக்கிறோம்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வெளியே பலருக்குத் தெரியாது. தினமும் காலையில் தானாக வந்து உட்கார்ந்திருப்பவன், சரகத்தில் ஒரு பைக் காணாமல் போனால் முதலில் விசாரிக்க வசதியான ஆள். தேடிப் போக வேண்டியதே இல்லை. கண்டுபிடிக்க முடியாத பழைய வழக்குகளை முடித்துக் காட்ட வேண்டிய நெருக்கடி எல்லா ஸ்டேஷனிலும் உண்டு. முதல் வழக்கில் உள்ளே இருக்கும்போதே பி.டி. வாரண்ட் (சிறையில் இருப்பவரை வேறு வழக்கில் ஆஜர்படுத்தும் உத்தரவு) போட்டு இன்னொரு ஸ்டேஷனின் வழக்கிலும் கைது காட்டுவதும், ஜாமீனில் வருகிறவரை ஜெயில் வாசலிலேயே வேறு வழக்கில் பிடிப்பதும் நடக்கிறவைதான். உண்மையிலேயே செய்தவர்களும் அவர்களில் உண்டு. ஒரு வழக்கு ஐந்தாக ஆவது இப்படியும்தான் என்கிறேன்.

பிறகு வாய்தா. குற்றப்பத்திரிகை தாக்கலாகி வழக்கு நம்பராக மாதங்கள் ஆகும், சில சமயம் வருடங்கள். அதற்குள் ஆள் திருப்பூருக்கோ ஓசூருக்கோ வேலை தேடிப் போயிருப்பான். ஒரு வகையில் அதுவே நல்ல அடையாளம். பழைய சேர்க்கையை விட்டு விலகியிருக்கிறான். ஆனால் சம்மன் பழைய முகவரிக்குப் போகும். சம்மன் கைக்கு வந்தாலும், காலை பத்து மணிக்குப் போய் நின்று, பெயர் கூப்பிட்டதும் கையைக் கட்டி முன்னால் போய், அடுத்த தேதி வாங்கிக்கொண்டு திரும்புவதற்கு ஒரு நாள் லீவு வேண்டும். பனியன் கம்பெனியில் இரண்டு தடவை தருவார்கள். வர முடியாத நாளுக்கு வக்கீல் ஆஜர் விலக்கு மனு போடலாம், அதற்குக் காசு அனுப்பியிருந்தால். அனுப்பாத மாதத்தில் குமாஸ்தாவிடமிருந்து போன் வரும்: “தம்பி, வாரண்ட் விழுந்துடுச்சு. ரீகால் போடணும். கையில ஏதாவது எடுத்துட்டு வாங்க.” பயந்து வராமல் இருந்தால் பிடிவாரண்ட் ஒருநாள் நிறைவேறும். மறுபடி புழல். ஜாமீனில் வந்தவர் நீதிமன்றத்துக்கு வராததே தனிக் குற்றம் என்கிறது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 269-ஆம் பிரிவு. ஓராண்டு வரை சிறை. யாரிடமும் எதையும் திருடாமல் ஒருவருக்கு இரண்டாவது வழக்கு வந்து சேரும் வழி இது.

இந்த மூன்றும், அதாவது ஜாமீன்தாரர், கையெழுத்து, வாய்தா, தனித்தனியாகப் பார்த்தால் நியாயமானவை. ஓடிப்போகாமல் இருக்க ஏதோ ஒரு பிடி வேண்டும்தானே. ஆனால் மூன்றும் சேர்ந்து, மாதச் சம்பளமும் சொந்த வீடும் இருப்பவனுக்காகத் தைத்த சட்டை போல இருக்கின்றன. கூலிக்காரன் அதைப் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியிருக்கிறது.

கையெழுத்து ஒருநாள் நின்றுவிடும். பதிவேடு நிற்காது. தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் சரித்திரப் பதிவேடு என்று ஒன்றைத் திறக்கிறார்கள். பெயர், பட்டப்பெயர், அங்க அடையாளம், யாரோடு பழகுகிறான், எங்கே போகிறான் எல்லாம் அதில் ஏறும். இதைத் திறக்கத் தண்டனை தேவையா? கரக் சிங் வழக்கைப் படித்தால் தெரியும். உத்தரப் பிரதேசத்தில் 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் சேர்க்கப்பட்டவர். போதிய சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். ஆனாலும் அவருக்கு ஒரு பதிவேடு திறக்கப்பட்டது. ஊர்ச் சவுக்கிதாரும் கான்ஸ்டபிள்களும் ராத்திரியில் வந்து கதவைத் தட்டி, தூக்கத்தைக் கெடுத்து, ஆள் வீட்டில் இருக்கிறானா என்று பார்ப்பார்கள். வெளியூர் போனால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். 1962-இல் உச்ச நீதிமன்றம் அந்த நடுராத்திரிச் சோதனையை மட்டும் ரத்து செய்தது. கண்காணிப்பின் மற்ற பகுதிகள் அப்படியே இருந்தன.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டத்தை அங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் கைரேகை வைக்க மறுத்த பிரமலைக் கள்ளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். சென்னை மாகாணத்தில் 1947-இல் சட்டம் ஒழிந்தது; மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. சாதியைக் கண்காணிப்பது போய், ஆளைக் கண்காணிப்பது வந்தது என்று சொல்லலாம். முழுக்க அப்படியும் போய்விடவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகத்தினர் மீது பதிவேடு இயந்திரத்தனமாகத் திறக்கப்படுகிறது என்ற கவலையை 2024 மே மாதத் தீர்ப்பொன்றில்கூட உச்ச நீதிமன்றம் பதிவு செய்து, அந்தப் பதிவேடுகளை அவ்வப்போது தணிக்கை செய்யச் சொன்னது.

பதிவேட்டில் பெயர் ஏறிய பிறகு வருவது நன்னடத்தைப் பிணை. பண்டிகை, தேர்தல், தலைவர்கள் வருகை என்றால் பட்டியலில் இருப்பவர்களை வரவழைத்து எழுதி வாங்குவார்கள். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 110-ஆம் பிரிவு. அதற்குப் பதிலாக 2024 ஜூலை முதல் அமலில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா (பிஎன்எஸ்எஸ்) சட்டத்தில் 129. அதிகபட்சம் மூன்று ஆண்டுகளுக்குப் பிணை எழுதி வாங்கலாம். அந்தப் பிணைக் காலத்துக்குள் புதிதாக ஒரு வழக்கு பதிவானால் போதும், பிணையை மீறியதாகச் சொல்லி மிச்சமுள்ள நாட்களுக்கு ஜெயில். ‘ரவுடிக்கு இத்தனை நாள் சிறை’ என்று வரும் பெட்டிச் செய்திகள் இவைதான். புதிய வழக்கு பின்னால் பொய்யென்று போனாலும், உள்ளே இருந்த நாட்கள் இருந்தவைதான். பெருநகரங்களில் இந்த உத்தரவைப் போட்டுக்கொண்டிருந்தவர்கள் போலீஸ் துணை ஆணையர்களே. பிடிப்பவரும் அவர் துறை, தண்டிப்பவரும் அவர் துறை. 2023 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, அந்த அதிகாரத்தைக் கொடுத்த அரசாணைகளை ரத்து செய்தது. ரொம்பத் தாமதமாக வந்த தீர்ப்பு என்பது என் அபிப்பிராயம். 1982-இன் குண்டர் சட்டத்தைப் பற்றி இங்கே விரிக்கத் தேவையில்லை; விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை அடைத்து வைக்க அது போதும், அதற்கும் பழைய வழக்குகளின் பட்டியல்தான் அடிப்படை.

இவ்வளவையும் காகிதத்தின் மேல் போட்டுவிட்டு, ஆளை ஒன்றும் தெரியாத அப்பாவியாக்கும் எண்ணம் எனக்கில்லை. பழிக்குப் பழி என்று வெட்டிக்கொள்ளும் கும்பல்கள் இருக்கின்றன. கஞ்சாவும் மாத்திரையும் இல்லாமல் நாள் ஓடாதவர்கள் இருக்கிறார்கள். உள்ளே இருந்தபோது பழக்கம் விட்டதுபோல் தெரியும், பழைய தெருவுக்கு வந்த வாரத்திலேயே திரும்பும். செல்போன் பறித்தவனைக் கொலை வழக்கு ஆளோடு ஒரே பிளாக்கில் இரண்டு மாதம் வைத்தால் வெளியே வரும்போது அவன் கையில் புதிய நம்பர்கள் இருக்கும். முதல் ஜாமீனுக்கு ஜாமீன்தாரர் கிடைக்காதவனுக்கு அடுத்த தடவை வக்கீலும் ஆளும் ஏற்பாடு செய்து தருவது அந்த நம்பர்தான். உதவி வாங்கியவன் உதவி செய்ய வேண்டியிருக்கும்.

சிறைத்துறை ஒன்றும் செய்யாமல் இல்லை. பேக்கரி, நெசவு, தையல் நடக்கின்றன. சிறைத்துறை பெட்ரோல் பங்க்குகளில் கைதிகளே சீருடையோடு பெட்ரோல் போடுகிறார்கள். கல்லாவை நம்பி ஒப்படைத்திருக்கிறார்கள், இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் இதெல்லாம் பெரும்பாலும் தண்டனைக் கைதிகளுக்கு. இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போகும் ரிமாண்ட் கைதிக்கு எந்தத் தொழிலும் கற்றுத்தர நேரமில்லை. கற்றவர் வெளியே ஒரு தனியார் பங்க்கில் வேலை கேட்டாலும் போலீஸ் சரிபார்ப்புச் சான்று கேட்பார்கள். மனம் திருந்திய சாராய வியாபாரிகளுக்குக் கறவை மாடு வாங்க அரசு மறுவாழ்வு நிதி தருகிறது. மாடு சரிபார்ப்புச் சான்று கேட்பதில்லை என்பதால், எனக்கு அந்தத் திட்டத்தின் மேல் கொஞ்சம் மரியாதை உண்டு. அந்த நிதி செல்போன் பறித்தவனுக்குக் கிடையாது.

குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-லேயே வந்துவிட்டது. முதல் தடவை மாட்டியவரைச் சிறைக்கு அனுப்பாமல் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம். அப்படி விடப்பட்டவருக்குத் தண்டனையால் வரும் தகுதியிழப்பு கிடையாது என்று அதன் 12-ஆம் பிரிவு சொல்கிறது. ஆனால் அது தீர்ப்பு வந்த பிறகு கிடைக்கும் சலுகை. தீர்ப்புக்கு முன்னாலேயே ரிமாண்டிலும் வாரண்டிலுமாக இரண்டு மூன்று தடவை போய்வந்தவனுக்கு அது எட்டுவதற்குள் மற்றதெல்லாம் நடந்து முடிந்திருக்கும்.

புதிய பிஎன்எஸ்எஸ் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. 479-ஆம் பிரிவின்படி, முன்பு எந்தத் தண்டனையும் பெறாத விசாரணைக் கைதி, அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு நாட்களை உள்ளே கழித்துவிட்டால் அவரைப் பிணையில் விட வேண்டும். ஆயுளும் மரண தண்டனையும் வரக்கூடிய குற்றங்களுக்கு இது கிடையாது. அடுத்த உட்பிரிவு, ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருப்பவருக்கும் இந்தச் சலுகை இல்லை என்கிறது. திருப்பூரில் இருந்தபோது வாய்தாவைத் தவறவிட்டவனுக்கு அந்த இரண்டாவது வழக்கு ஏற்கெனவே இருக்கிறது.