பிறர்மதம் மேற்கொண்டு களைதல்



நன்னூலார் வகுத்த எழுவகை மதங்களுள் ஒன்று, பிறர்மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களைவது. இதனை மாணாக்கரை நெட்டுருப் பண்ணுவிக்கின்றோம். உரையாடலிற் கைக்கொள்கின்றோமா?

அருணந்தி சிவாசாரியர் சிவஞானசித்தியாரைப் பரபக்கம், சுபக்கம் என இரண்டாக வகுத்தருளினர். பரபக்கத்திலே உலகாயதம் முதலிய 14 மதங்களையும் எடுத்து, அவ்வம் மதத்தான் தானே நின்று பேசுமாறுபோல அவன் கொள்கையை முன்னர் நிறுத்தி, அதன் பின்னரே மறுத்தனர். கடவுள் இல்லை என்பானுக்கும் வாய்திறந்து பேச இடங்கொடுத்த பெருந்தகைமையை நோக்குமின்! மறுக்கப்படுவோன், "ஆம், யான் சொல்லியது இதுவே" என்று ஒப்பும்படி அவன் கருத்தை எடுத்துரைத்தல் மறுத்தலினும் அரிது. தன் காட்சியே காட்சி என்று தருக்கி நிற்பது ஆணவத்தின் தொழிலன்றோ?

இனி வகுப்பறையை நோக்குவாம். 32இலே 17ஐக் கழித்து 25 என்கின்றான் ஒரு சிறுவன். ஆசிரியர் சிலர் கொப்பியிற் சிவப்பு மையாற் குறுக்கே கீறி அப்பாற் செல்வர். சிறுவனோ 2இலே 7 போகாமை கண்டு, 7இலே 2ஐக் கழித்து 5 வைத்தவன். பெரியதிலிருந்தே சிறியதைக் கழித்தல்வேண்டும் என்பது அவன் கொண்ட மதம். விடையை மாத்திரம் அடித்துவிடின், அம்மதம் நிலைபெற்று நாளையும் பிழையே தரும். அன்றி, அவன் வாய்திறவாப் பிள்ளையாய் விடுவான். அது பெருங்கேடு.

"தம்பி, இந்த 5 எவ்வாறு வந்தது?" என வினவுக. அவன் சொல்லி முடியுமளவும் பொறுத்திருந்து, "7இலே 2ஐ எடுத்தாய், அப்படியா?" என்று அவன் வாயால் ஆம் என்பித்துக்கொண்டு, அதன்பின் பத்தைக் கடன்வாங்கும் முறையைத் தொடங்குக.