யாருக்குத் தேவை இந்த ஆராய்ச்சி?

ஒரு காடு புயலில் சாய்ந்ததும் 'ஆய்வுத் தேவைகள்' என்று பட்டியல் போடுகிறார்கள். யாருடைய தேவை என்று கேட்கத் தோன்றுகிறது எனக்கு. காடு அதுபாட்டுக்கு விழும், அதுபாட்டுக்கு முளைக்கும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, ஏரிகள் நிறைந்த பவுண்டரி வாட்டர்ஸ் வனாந்தரம் இருக்கிறது. 1999 ஜூலை 4 அன்று மணிக்கு 130 கிலோமீட்டருக்கும் மேல் வீசிய காற்று, அங்கும் சுற்றியுள்ள காட்டிலுமாகச் சுமார் 4,77,000 ஏக்கரில் மரங்களைச் சாய்த்தது. மனிதக் கட்டுப்பாடு இல்லாத இடமாக அதை வைத்திருக்க வேண்டும் என்கிறது 1964-ஆம் ஆண்டுச் சட்டம். அங்கே மரம் வெட்டி விற்க 1978 முதல் தடை. ஆனால் விழுந்ததெல்லாம் காய்ந்தால் விறகு. கன்ஃபிளின்ட் சாலையோரம் வீடுகளும் விடுதிகளும் உண்டு. 'சும்மா விட்டுட்டு வேடிக்கை பார்க்கவா?' என்று அங்கே குடியிருப்பவர் கேட்டால் என்ன சொல்வது? வனத்துறை திட்டமிட்டுப் பகுதி பகுதியாக எரித்தது.

சிக்கல் இங்கேதான். காற்று பெரிய மரங்களைத் தள்ளும். நிழலில் காத்திருந்த பால்சம் ஃபர் கன்றுகள் தப்பி மேலே வரும். தீ வந்தால் அந்தக் கன்றுகள் அழியும். சூட்டில் கூம்பு திறக்கும் ஜாக் பைனும் வேரிலிருந்து துளிர்க்கும் ஆஸ்பெனும் இடம்பிடிக்கும். ஆக, எரிப்பவர் அடுத்த தலைமுறைக் காட்டையே தேர்ந்தெடுக்கிறார். எரிக்காவிட்டால் கை சுத்தமா? அதுவும் இல்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதி அங்கே தீயை அணைத்ததும் மனிதர்கள்தானே.

2007 மே மாதம் ஹாம் லேக் தீ, எல்லையின் இருபுறமுமாகச் சுமார் 75,000 ஏக்கரை எரித்தது; கட்டடங்களும் போயின. முன்பே எரித்த பகுதிகள் அதைத் தணிக்க உதவின. அதனால் எரித்தது தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் எரிக்காமல் விட்டிருந்தால் என்ன முளைத்திருக்கும் என்பதை எரிந்த நிலம் இனிச் சொல்லாது. அதைச் சொல்லத் தொடாத நிலம் கொஞ்சம் வேண்டும். எரிப்பதற்கு முன் எடுத்த கணக்கும் வேண்டும். மரத்தில் எண் தகடு அடிப்பதும் தொடுவதுதான். துடுப்புப் படகில் போய், கையால் அளந்து வருகிற அளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

காட்டைத் தொட்டவருக்கு ஆராய்ச்சி ஒரு கடன் என்றே நினைக்கிறேன். இதில் ஒரு நிபந்தனையும் உண்டு: தொடாமல் விடும் நிலம் வீடுகளுக்குத் தூரத்தில் இருக்கட்டும். நாம் தெரிந்துகொள்வதற்காக இன்னொருத்தர் கூரையைப் பணயம் வைக்க நமக்கு உரிமையில்லை.